கதவுப் பக்கம் கால்

…இல்லை, சந்தேகமே வேண்டாம், புவனாதான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தி கைபேசியை நீட்டி, பாருடி, உன் இடத்துக்கு வந்தவளை என்று காட்டிய கல்யாணப் படத்திலிருந்த அதே முகம், அப்போது கன்னம் உப்பலாக இருந்தது, இப்போது வற்றிப் போயிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மண்டபத்து மாடிக் கதவில் நின்றுகொண்டு, தோளத் தூக்க முடியலிங்க, ஆஸ்பத்திரியில யோகா செய்யச் சொன்னாங்க, இங்க சொல்லித் தர்றாங்களாமே என்று கேட்கிறாள்… யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலா கேட்கிறாள்? இல்லை, குமரேசன்தான் அனுப்பி வைத்தானா, போய்ப் பார்த்துவிட்டு வா, என்னை விட்டுப் போனவள் எந்தக் கதியில் இருக்கிறாள் என்று? சுதாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பார்க்கட்டுமே, நன்றாகப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லட்டுமே, ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிப்பையோடு அந்த வீட்டுப் படி இறங்கியவள் இன்றைக்குத் திருத்தணி அடிவாரத்தில், காலை ஆறு மணிக்கு, பதினான்கு பெண்களை வரிசையாக நிற்க வைத்திருக்கிறாள், கை தூக்குங்கள் என்றால் தூக்குகிறார்கள், மூச்சை விடுங்கள் என்றால் விடுகிறார்கள் என்று. எந்த ஊரும்மா என்று தெரியாதவள் போலக் கேட்டாள். பொதட்டூர்பேட்டைங்க, இன்னிக்குக் கிருத்திகைன்னு பாவா மலைக்குப் போய்கீறாரு, மொட்டை போட்டுகினு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுங்களா? பாவா… அந்த வார்த்தையைச் சொந்த மாமன் மகனைப் பார்த்துப் பத்து வயசிலிருந்து சொன்ன வாய் தன்னுடையது, தாலி கட்டிய பிறகும் அதையே சொன்ன வாய், கடைசியில் பாவா வேணாம் பாவா வேணாம் என்று கெஞ்சிய வாய். இடமில்லை, ஆள் நிறைந்துவிட்டது, போய் வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உள்ள வாம்மா, அந்தச் சுவரோரமா பாயப் போட்டுக்கோ என்றது வாய். தன் நாக்கின் மேல் சுதாவுக்குக் கோபமாக வந்தது.

நிமிர்ந்து நில்லுங்க, குதிகால் தரையில பதியட்டும், தோளைப் பின்னால சுழற்றுங்க, மெதுவா, யாரும் நம்மள விரட்டல… சொல்லிக்கொண்டே வரிசைக்குள் நடந்தாள், ஆனால் கண் சுவரோரத்தை விட்டு வரமாட்டேன் என்றது. புவனாவின் இடது தோள் காதுக்கு அருகிலேயே நிற்கிறது, இறங்கவில்லை, சுழற்றச் சொன்னால் கையைச் சுழற்றுகிறாள், தோளை அல்ல. பஸ்ஸில் மூட்டை தூக்கியிருப்பாள், தறியில் நின்று நின்று பிடித்திருக்கும், ஆயிரம் காரணம் இருக்கும், நீயாக எதையும் முடிவு கட்டாதே சுதா. உனக்கும் அந்தத் தோள்தான் இருந்தது என்பதற்காக எல்லாத் தோளும் உன் கதையா சொல்லும்? ஆனால் அவளுக்குத் தெரியும், உடம்பைப் பார்த்துச் சொல்லிவிடுவாள், அதற்காகத்தானே இந்தப் பெண்கள் வருகிறார்கள், மகனை லாரியில் பறிகொடுத்தபின் மூச்சு நெஞ்சுக்குழிக்குக் கீழே இறங்காத கௌரியம்மாள், ராத்திரித் தூக்கமே மறந்துபோன இன்னொருத்தி, வெறும் முதுகுவலி என்று வந்து மூன்றாம் நாள் குனிந்த இடத்திலேயே தேம்பி அழுதவள்… அழட்டும், தண்ணீர் கொடுத்து, மூச்சை எண்ணச் சொல்லி, மறுநாளும் வரச் சொல்வாள், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டாள். ஊர் என்ன சொல்லவில்லை? புருஷனோடு வாழ வக்கில்லாதவள் ஊருக்கு வைத்தியம் பார்க்கிறாளாம் என்று தண்ணீர்க் குழாயடியிலேயே, காதில் விழட்டும் என்றே பேசினார்கள். ஆமாம், வாழ வக்கில்லைதான், உயிரோடு இருக்க வக்கிருக்கிறது, அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், வேண்டுமானால் நீயும் வா என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேசியவர்களில் ஒருத்தி இதோ மூன்றாவது வரிசையில் முதுகை வளைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு ஏழு வருஷமாக அரித்துக்கொண்டே இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை, வாய் கொஞ்சம் நீளம்டி உனக்கு, அதனாலதான் அவன் கை நீளுது என்று அவளைப் பெற்றவளே சொன்னது. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்களும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அவனுக்கு இரண்டாவது கல்யாணம் நடந்த பிறகு சுதா ஒவ்வொரு பண்டிகைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள், அந்தப் பெண்ணோடு அவன் எப்படி இருக்கிறான் என்று. நன்றாக இருக்கிறான் என்று வந்துவிட்டால்? அப்படியென்றால் குற்றம் தன் வாயில்தானா? அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் உண்மை, நன்றாக இருந்துவிடக்கூடாதே என்று பயந்ததும் உண்மை. சீ, இதென்ன மனசு… கையை இறக்குங்க, இறக்குங்க, போதும்.

கடைசிப் பத்து நிமிஷம் வந்துவிட்டது. யோகா பயிற்சியில் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடிதான் முதல் வகுப்பில் அவளும் சொன்னாள், சவாசனம், பிணம் போல அசையாமல் படுங்கள் என்று. பூக்கட்டுகிற கோவிந்தம்மாள் படுத்த வேகத்தில் எழுந்து பாயைச் சுருட்டினாள், விடிஞ்சதும் விடியாததுமா பொணமாட்டம் படுன்றியே, நீ நல்லாருப்பியாம்மா, பக்கத்துலயே சாமி மலை கீது! அவள் பின்னாலேயே இன்னும் நாலு பேர் போய்விட்டார்கள். மறுநாள் அவர்கள் வீடு வீடாகப் போய் அழைத்து வந்து, அந்தப் பேரையே எடுக்காமல், பாயைப் போட்டு நிற்க வைத்து, கரண்டு போச்சு என்றாள். அவ்வளவுதான், கொல்லென்று சிரித்தபடி எல்லோரும் விழுந்து படுத்தார்கள், பாதிப்பேர் அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை விசைத்தறி வீடுகளில் பிறந்தவர்கள், அங்கே பெண்பிள்ளைகள் பகலில் முதுகைத் தரையில் சாய்ப்பது கரண்டு போனால்தான், வந்தால் எழுந்துவிடவேண்டும். வடக்கே தலை வைக்கக்கூடாது என்று யாரும் சொல்லாமலே தெற்கே தலை வைத்தார்கள். கதவு வடக்குச் சுவரில் இருக்கிறது, ஆகவே எல்லோருடைய காலும் கதவுப் பக்கம், லேசாகத் தலையைத் தூக்கினாலே வருவது யார் என்று தெரியும். வேறு மண்டபங்களும் கிடைத்தன, இதைவிட நல்ல மண்டபங்கள், சுதா இதைத்தான் எடுத்தாள். ஏன் இதை எடுத்தாள் என்று யாரும் கேட்டதில்லை, கரண்டு போச்சு என்கிற பேர் எங்கிருந்து வந்தது என்றும்தான். தறிக்காரிகளுக்குப் புரியட்டும் என்று வைத்தேன் என்று ஒரு பதில் வைத்திருக்கிறாள். நாலு தறி ஓடுகிற குமரேசன் வீட்டில் காதுக்குள் வந்து கத்தினால்தான் பேச்சுக் கேட்கும். தறி ஓடும்போதுதான் அவன் அடிப்பான், எத்தனை அலறினாலும் அடுத்த வீட்டுக்குப் போகாது, போனாலும் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். கரண்டு போன நிமிஷம் ஓங்கிய கை அப்படியே இறங்கிவிடும், தெருவே நிசப்தமாகிவிடும் அல்லவா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தண்ணி கொண்டா என்பான், ஒன்றும் நடக்காதது போல. ஊரெல்லாம் கரண்டு போனால் திட்டும். அவள் ஒருத்திதான் அது போகவேண்டும் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

கரண்டு போச்சு என்றாள் சுதா இன்றைக்கும். வழக்கமான சிரிப்பு, வழக்கமான தொப் தொப். புவனா சிரிக்கவில்லை, படுக்கவும் இல்லை. ஒரு மணி நேரமாக என்ன சொல்லியும் இறங்காத அந்த இடது தோள்… இறங்கியது. தானாக இறங்கியது, யாரும் தொடவில்லை, உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு ஹாவென்று வெளியே வந்தது, நடந்தது அவளுக்கே தெரியாது போலத் திருதிருவென்று விழித்தாள். சுதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதே வீடு, அதே தறி, அதே நேரம். அப்படியானால் என் வாய் இல்லையே! இவளுக்கு வாயே இல்லையே, இவளையும்தானே… ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது, ஏழு வருஷத்துப் பாரம் இறங்கின சந்தோஷம், அடுத்த கணம் அந்தச் சந்தோஷத்தின் மேல் அருவருப்பு வந்தது, அதற்கும் பின்னால் கோபம், நல்ல கொதிக்கிற கோபம், தன் மேல் இல்லாத கோபம். பெற்றவளே, பஞ்சாயத்துப் பெரியவர்களே, வந்து பாருங்கள் இந்தத் தோளை. படும்மா, படுத்துக்கோ என்றாள்.

கீழே ஹாரன் அடித்தது. ஒருதரம், இருதரம், மூன்றாவது நீளமாக. புவனா எழுந்துவிட்டாள், பாவா வந்துட்டாரு, பாயைச் சுருட்டுகிறாள். இன்னும் பத்து நிமிஷம் இருக்குது, படு என்றாள் சுதா. படிக்கட்டில் செருப்புச் சத்தம், அந்தச் சத்தத்தை ஊர்த் திருவிழாக் கூட்டத்திலும் தனியாகப் பிரித்துச் சொல்வாள், இடது காலை இழுத்து வைக்கிற சத்தம். ஓடு என்றது உடம்பு, அதற்கு ஏழு வருஷம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்தே போயிற்று, குதிகால், குதிகால் தரையில் பதியட்டும் சுதா, யாரும் நம்மை விரட்டவில்லை… கதவில் குமரேசன் நின்றான், புது மொட்டை, மொட்டை முழுக்கச் சந்தனம், கையில் விபூதிப் பொட்டலம், சாமிக்கு முடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான், மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறது. நீயா என்றான். ஆங், நான்தான். இவள எவ இங்க வரச் சொன்னது, புவனா, எழுந்து வா. வகுப்பு முடியல, பொம்பளைங்க படுத்துகினு கீற எடம், கீழ போய் நில்லு. நில்லு என்றுவிட்டாள், நில்லுங்க பாவா இல்லை, வெறும் நில்லு, சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. கையைப் புடவை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள், காலை மட்டும் நகர்த்தவில்லை. அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். மூன்றாவது வரிசையிலிருந்து கோவிந்தம்மாள் படுத்தபடியே தலையைத் தூக்கினாள், இன்னாபா, கரண்டு போய்கீற நேரத்துல வந்து கத்திகினு கீற? வரிசையாகத் தலைகள் உயர்ந்தன, பதினான்கு ஜோடிக் கண்கள் கதவில். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு தறி ஓடவில்லை, அவன் சுற்றிலும் பார்த்தான், பழைய பழக்கம், குரல் தானாகத் தாழ்ந்தது, கீழ கீறேன், சீக்கிரம் வா. இழுத்து வைக்கிற அந்தச் செருப்பு ஒவ்வொரு படியாக இறங்குவதைச் சுதா கடைசிவரை கேட்டாள்.

தலைகள் சாய்ந்துவிட்டன, யாரோ கிளுக்கென்று சிரித்து அடங்கினாள். கண்ண மூடிக்குங்க, மூச்சு வர்றத மட்டும் கவனிங்க… எங்கே விட்டோமோ அங்கிருந்து சொல்ல ஆரம்பித்தாள். புவனா மட்டும் பாயில் உட்கார்ந்தே இருந்தாள். எனக்கு மூட வரலக்கா என்றாள் மெல்ல. பரவால்ல, தெறந்துகினே இரு, ஒண்ணும் ஆவாது. உங்களுக்கும் வராதுல்ல? சுதா திரும்பிப் பார்த்தாள். வந்ததுல இருந்து பாக்கறேன், எல்லாரையும் படுக்க வெச்சிட்டு நீங்க ஒருத்தர்தான் கதவையே பாத்துகினு நிக்கிறீங்க. உங்க பேரு எனக்குத் தெரியும்க்கா, தோளுவலி நெஜந்தான், ஆனா தெரிஞ்சிதான் வந்தேன். டீச்சர் படுக்கக்கூடாது என்று சொல்ல வந்தாள், இத்தனை நாளும் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதில், இவளிடம் அது செல்லாது என்று தெரிந்தது. புவனா எழுந்து கதவருகே போய், நிலையில் முதுகைச் சாய்த்து, படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நீங்க படுங்க, நான் பாத்துகினு கீறேன், வந்தா சொல்றேன்.

சுவரோரத்துப் பாய் இன்னும் சூடாக இருந்தது. சுதா படுத்தாள், தெற்கே தலை, கதவுப் பக்கம் கால், முதுகுக்குத் தரை இத்தனை கெட்டியாக இருக்கும் என்று இவர்கள் யாரும் சொல்லவே இல்லையே. மேலே மின்விசிறி, அதன் மூன்று இறக்கையிலும் தூசு. கீழே போனால் அவன் நிற்பான், வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான், தறி ஓடும், இன்றைக்கே ஓடும்… இவளைப் போகவிடுவதா? பிடித்து நிறுத்த நான் யார்? நில்லு என்று அவளிடமும் சொல்லிவிடலாமா? சொன்னால் நிற்பாளா? கேட்பேன், பத்து நிமிஷம் முடிந்ததும் கேட்பேன், போறியா இருக்கிறியா என்று, போகிறேன் என்றால் நாளைக்கு ஆறு மணிவரை பொறுப்பேன், வராவிட்டால் பொதட்டூர்பேட்டைக்கு ஏழு மணிக்குப் பஸ் இருக்கிறது, பெருமாள் கோவிலைத் தாண்டி இடது பக்கம் மூன்றாவது தெரு, பச்சைக் கதவு, நாலு தறியும் ஓடட்டும், அதற்கு மேல் சத்தமாகத் தட்ட எனக்குத் தெரியும்… அந்தத் தெருவை மனசுக்குள் வாசல்வரை நடந்துவிட்டோம், மூச்சு அடைக்கவில்லையே என்று தோன்றியது. கீழே மறுபடி ஹாரன் அடித்தது. கதவருகிலிருந்து, ஏறி வரலக்கா, கீழதான் கீறாரு என்றது புவனாவின் குரல். சரி என்று முனகினாள், இறக்கையில் இவ்வளவு தூசு, நாளைக்கு முதல் வேலையாகத் துடைக்கவேண்டும் என்று நினைத்து அதை இன்னொரு முறை பார்க்கக் கண்ணைத் திறக்கப் போனவள், மின்விசிறி வெகுநேரமாகக் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தாள்.