கடைசித் துடைப்பு

மகளின் மோட்டார் சைக்கிள் முன் பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று கத்தியது. உள்ளே கவ்விப் பிடிக்கிற பேட் தேய்ந்துவிட்டது என்று அப்பாவுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. பட்டறைக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை. கண்ணெதிரே புது டப்பாவைக் காட்டிவிட்டு, நாம் திரும்பியதும் பழையதைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது அவர் தீர்மானம். எந்தப் பட்டறைக்காரனும் அவரை அப்படி ஏமாற்றியதில்லை. ஏமாற்ற அவர் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

தானே மாற்றப் போவதாகச் சொன்னார். முப்பத்தாறு வருஷம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் மெஷின் பழுது பார்த்த கை. மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாத்துங்கப்பா. ஆனா அதுமேல உக்காந்து போகப்போறது நான்."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை. அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட். வண்டியில் போனால் இருபது நிமிஷம். ஒரு மணிக்கு முன்னால் முடித்து, சாவியை அவள் கையில் கொடுத்து, அவள் வாய் பேசாமல் வண்டியேறிப் போவதைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் அவருக்கு வேண்டியதில்லை.

வாசலில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தார். அம்மா படிக்கட்டில் அமர்ந்து, துவைக்க வேண்டிய துணிகளை வெள்ளை வேறு, கலர் வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தான் வேடிக்கை பார்க்க வரவில்லை என்று யாரும் கேட்காமலே சொன்னாள். அவர் இரண்டு போல்ட்டையும் கழற்றி, பிரேக்கின் இரும்புக் கூட்டை சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கிலிருந்து உருவினார். பழைய பேட் இரண்டும் தகரம் மாதிரி மெலிந்திருந்தன. உள்ளே பேடை அழுத்துகிற பிஸ்டனை, பழைய பேடையே அணை கொடுத்து, பெரிய ஸ்குரூ டிரைவரால் மெல்ல நெம்பிப் பின்னால் தள்ளினார். கடையில் வாங்கி வந்த புதுப் பேடை வைத்தார், பின்னைப் போட்டார், போல்ட்டை முறுக்கினார். லீவர் கல் மாதிரி கெட்டியாகும்வரை விட்டு விட்டு அழுத்தினார். ஒன்றும் தவறவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர் அவர்.

பிறகு தெருவில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார். முன் பிரேக்கை அழுத்தினார். லீவர் கெட்டியாகத்தான் இருந்தது. வண்டி அதுபாட்டுக்குப் போனது. பின் பிரேக்கை மிதித்து, எதிர்வீட்டுச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பேட் விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார். போலிச் சரக்கு. அவன் சிரித்த சிரிப்பிலேயே தனக்குச் சந்தேகம் தட்டியது என்றார். அம்மா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் மாட்டி முடிச்சிட்டு, கடைசியா என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வாங்க? தொடச்சேன்."

"எதால?"

அவர் இடுப்பில் செருகியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். கம்பெனியில் எந்த மெஷினைச் சரிசெய்தாலும், எண்ணெய்த் துணியால் தலைமுதல் கால்வரை ஒரு துடைப்புத் துடைத்துத்தான் கொடுப்பார். துரு அண்டாது. பார்க்கவும் பளபளவென்றிருக்கும். முப்பத்தாறு வருஷம் துடைத்த கை, அவரைக் கேட்காமலே டிஸ்கையும் துடைத்துவிட்டிருந்தது. எண்ணெய் பட்ட டிஸ்கில் எந்தப் பேட் பிடிக்கும்?

"ஊர்ல இருக்கிறவன் மேலயெல்லாம் சந்தேகம். இந்தக் கை மேல மட்டும் வரல" என்றாள் அம்மா.

மணி பன்னிரண்டரை. காய்ந்த துணியால் டிஸ்கை அழுந்தத் துடைத்து மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை பிடித்தது. நாலாம் முறை அழுத்தியபோது வழுக்கியது. பேடைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பரப்பு முழுக்க எண்ணெய் ஊறி மினுங்கியது. இனி அதைத் தேய்த்தாலும் ஆகாது, காய வைத்தாலும் ஆகாது.

கடைக்காரன் போலியைக் கொடுத்துவிட்டான் என்று சொன்னால் மகள் நம்புவாள். அம்மாவும் காட்டிக்கொடுக்க மாட்டாள். அப்பா எப்போதும் சொல்கிற கதைதானே. அதை நினைத்துக்கொண்டே பேடைச் சாக்கின் மேல் வைத்தார்.

மகள் ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள். ஆயிற்றா என்று கேட்டாள்.

"ஆகலம்மா. பேட் நல்ல பேடுதான். நான் டிஸ்குல எண்ணெயத் தொடச்சிட்டேன். இன்னைக்கு நீ இதை ஓட்டக் கூடாது."

மகள் டிஸ்கைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தன் தப்பை அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சிரிப்பு வந்ததை உதட்டுக்குள்ளேயே மடக்கிக்கொண்டாள்.

பட்டறைக்காரனுக்குப் போன் போடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் ஹெல்மெட்டை அவர் மடியில் வைத்தாள். பஸ்ஸில் போய்க்கொள்வதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தாள்.

"வேற பேட் வாங்கி நீங்களே மாட்டி வைங்கப்பா. நாளைக்கு இதுலதான் போவேன்."

அவர் எழுந்து, டிஸ்கைக் கழுவ அம்மாவிடம் சோப்பும் வாளித் தண்ணீரும் கேட்டார்.