தங்க ஸ்டிக்கருக்கு அடியில்

டயானாவின் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை வெடித்த சத்தத்தில், துறைமுகத்தில் நின்ற நிலக்கரிக் கப்பல் பயந்துபோய் நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. நம்ப வேண்டாம். ஆனால் குசினியில் நின்ற நான் காபிக் கோப்பையைக் கீழே போட்டது நிஜம்.

டயானா என் தம்பி மகள். என் வீட்டு மாடியில்தான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறாள். நான் துறைமுகத்து இழுவைக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது அவளுக்கு ஆலோசகர். அவள் பாஷையில் தொந்தரவு.

வெடித்த நேரம்தான் மோசம். வேம்பார் ஊர்க்காரன் ஃபிராங்க்ளின் அன்று சாயங்கால ரயிலில் சென்னை போய்க் கப்பல் ஏற வேண்டும். ஒன்பது மாதம் கடல். கல்யாண வீடியோவையாவது கையில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று புதுப்பெண் அல்போன்சாவோடு வந்து கீழே காத்திருந்தான்.

"என்ன மாமா சத்தம்?"

"ஒண்ணுமில்லலே. உன் கல்யாணத்துல போட்ட வேட்டு. இப்பத்தான் எடிட்டிங் முடிஞ்சு வருது."

சிரித்தான். மாடியிலிருந்து இறங்கி வந்த டயானாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"பெரியப்பா, இது மூணாவது. மூணும் மூணு கம்பெனி. போன தடவ வெடிச்சப்ப ஒரு டிஸ்க்கையும் கூட்டிட்டுப் போச்சு."

அதில் பெரியதாழை ஊர் ஞானஸ்நான வீடியோ ஒன்று போயே போனது. அந்தப் பிள்ளைக்குத் திரும்ப ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி நான் பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். முறைத்தார்.

"இவங்க படம் ரெண்டு டிஸ்க்குல பாதி பாதியாக் கிடக்கு. இந்த மெஷின் ஓடினாத்தான் படிக்கும். கேமரா கார்டெல்லாம் அழிச்சாச்சு. இன்னொரு தடவ வெடிச்சா மொத்தமும் போயிரும்."

செத்துப்போன மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றுக்கும் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். ஆனால் அரசாங்க முத்திரைக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு பதிவு எண். மூன்றிலும் ஒரே எண். அதைப் போனில் போட்டுப் பார்த்தால் வடக்கே எங்கேயோ ஒரு ஃபாக்டரியின் பெயர் வந்தது.

"செய்யுறவன் ஒருத்தன். பேரு ஒட்டுறவன்தான் வேற," என்றாள். "இவன் செய்யாதது ஒண்ணு கிடைச்சாப் போதும் பெரியப்பா."

எனக்கு ஒரே குஷி. கப்பலை விற்றால் வாங்கியவன் புதுப்பெயர் எழுதுவான். ஆனால் பழைய பெயர் இரும்பு எழுத்தாக வெல்டிங் வைத்தது. பெயிண்டுக்கு அடியில் புடைத்துக்கொண்டு தெரியும். அப்படிப் படித்தே பத்தாயிரம் கப்பல்களின் ஜாதகம் சொன்னவன் நான். சரி, நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகாராஜன் கடைக்குப் பறந்தோம். கம்ப்யூட்டர் சாமான் என்றால் ஊரில் அவர்தான்.

"வாங்க அண்ணாச்சி! அஞ்சு கம்பெனி வச்சிருக்கேன். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது."

டயானா ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "அதே நம்பர். இதுவும் அதே நம்பர். இதுவும்." நான்காவதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த மூன்றின் மேலேயே வைத்தாள்.

மகாராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நெசமாவாம்மா? நான் ஆளுக்கொரு ஏஜென்ட்டு கிட்டல்லா வாங்குதேன்! ஒருத்தனுக்கொருத்தன் முகங்குடுத்துப் பேச மாட்டானுவளே!"

ஐந்தாவதுதான் கடையிலேயே விலை கூடியது. எண் இருக்க வேண்டிய இடத்தில் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர், மாப்பிள்ளை மோதிரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. எனக்குக் கை அரித்தது.

"அண்ணாச்சி, அதத் தொட்டுராதீய! கிழிஞ்சா வாரண்டி கிடையாது!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் நகம் உள்ளே போயிருந்தது. ஸ்டிக்கர் வாழைப்பழத் தோல் மாதிரி வந்தது. அடியில் அதே எண்.

மகாராஜன் என் முகத்தைப் பார்த்தார். "எடுத்துக்கிடுங்க."

"எத?"

"உரிச்சீயளே, அதத்தான். இனிமே அத நான் எவன் தலையில கட்ட?"

டயானா கடை வாசலிலேயே நின்று போன் போட்டாள். திருநெல்வேலிக் கடைக்காரர் பெட்டியைத் திருப்பி எண்ணை வாசித்தார்: அதே எண். கயத்தாறு தாண்டி, கோவில்பட்டி தாண்டி, மதுரையில் ஒருவர் வாசித்தார்: அதே எண். சென்னையில் வேறு ஒன்று இருந்தது. வந்து சேர ரெண்டு நாள் ஆகுமாம்.

கடைசியில் அந்த ஃபாக்டரிக்கே போட்டோம். துறைமுகத்தில் பழகிய என் இந்தியை எடுத்துவிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் தங்கமான மனுஷன். "கேக்குறவங்க சொல்ற விலைக்குச் செஞ்சு கொடுக்கிறோம் ஐயா. எந்தப் பேரு ஒட்டியிருக்கோ அவங்ககிட்ட கேளுங்க," என்றார். பேரு ஒட்டியவனுக்குப் போட்டால், உற்பத்திக் கோளாறுக்கு உற்பத்தி செய்தவரே பொறுப்பு என்றான். உற்பத்தி செய்தவர் யார் என்று கேட்டேன். அது கம்பெனி ரகசியமாம்.

வீட்டுக்கு வந்து, ஃபிராங்க்ளினையும் அல்போன்சாவையும் மாடிக்குக் கூப்பிட்டுவிட்டு, உரித்ததையே மாட்டினாள். வேறு என்ன செய்ய?

"எடிட்டிங்குக்கெல்லாம் நேரமில்ல அண்ணே. எடுத்தத அப்படியே பென் டிரைவுல ஏத்துதேன். எந்த நிமிஷமும் போகும். எது முதல்ல வேணும்னு சொல்லு."

அல்போன்சா தாலியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். ஃபிராங்க்ளின் தரையைப் பார்த்தான்.

"எங்கப்பா ஆடினது."

"என்னது?" என்றாள் அல்போன்சா.

அவன் அப்பாவை எனக்குத் தெரியும். சிரித்தால் மீனுக்கு விலை இறங்கிவிடும் என்று ஏலக்கூடத்தில் முகத்தை இறுக்கியே வைத்திருப்பவர்.

"அவரு ஆடி நான் பாத்ததே இல்ல புள்ள. அன்னைக்கு ஆடுனாராம், ஊரே சொல்லுது. நான் ஸ்டேஜுல கைகுலுக்கிட்டுல்லா நின்னேன்! தாலி நான் கட்டுனதுதான, எனக்குத் தெரியும்."

அல்போன்சா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் நிலக்கரி தானாகப் பற்றும். பிறகு டயானாவிடம் சொன்னாள்: "அதப் போடு. அடுத்தது தாலி."

டயானா பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சைக்கோடு நகர ஆரம்பித்தது. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மலை மாதிரிக் கப்பல் எங்கள் மேல் சாய்ந்து வந்தபோதுகூட நான் ஒரு கயிற்றையாவது பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இங்கே பிடிக்கக் கயிறு இல்லை. என் கையிலிருந்த செய்தித்தாளால் அந்தப் பெட்டிக்கு விசிறினேன். டயானா தடுக்கவில்லை. அதிலிருந்தே நிலைமை புரிந்தது.

ஆட்டம் ஏறி முடிந்தது. தாலி கட்டுகிற கோவில் பூசை ஏறத் தொடங்கியது. கோடு பாதியைத் தாண்டியபோது ரப்பர் கருகுகிற வாசம் வந்தது. இந்தத் தடவை வெடிகூட இல்லை. 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம், திரை கறுத்தது.

"டிஸ்க்கு?" என்று கேட்டான் ஃபிராங்க்ளின்.

"தெரியல அண்ணே. நல்ல சப்ளை மாட்டித்தான் பாக்கணும்."

"நல்லது யாரு செய்யுதா?"

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒரு பொய்கூட வரவில்லை.

கீழே டிவியில் பென் டிரைவைப் போட்டோம். ஃபிராங்க்ளினின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தூரத்தில், மேடையில் இரண்டு உருவங்கள் யார் யாருக்கோ கைகொடுத்துக்கொண்டே இருந்தன.

அல்போன்சா டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அந்த வெள்ளையா, மங்கலாத் தெரியுதே, அது நானா?"

"நீதான்," என்றான்.

"மூஞ்சியே தெரியலியே."

அவன் இன்னொரு தடவை முதலிலிருந்து போட்டான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வந்த ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார்.