மணி முதலா, துணி முதலா

எங்கள் கடையில் சட்டம் ஒன்றுதான். துணி முதலில், மணி பிறகு. தம்பி மனைவி ஒரு கோடை உடையைத் தைத்து முடித்து என் மேஜையில் விரிப்பாள். நான் அதன் பக்கத்தில் பாசிமணிகளைக் கொட்டி, தள்ளி, சேர்த்து, எந்த உடைக்கு எந்த மாலை, எந்த மாலைக்கு எந்தக் கம்மல் என்று முடிவு செய்வேன். நான் முடிவு செய்தால் முடிவுதான், அப்பீல் கிடையாது. துணி சத்தமாகப் பேசினால் கழுத்து அடக்கி வாசிக்க வேண்டும், துணி வாயைத் திறக்காவிட்டால் கழுத்து கொஞ்சம் பாடலாம். இது என் வாய்ப்பாடு. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருக்கும்.

முறைப்படி அவள் என்னை அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும். கல்யாணமான மறுநாளே அக்கா என்று ஆரம்பித்துவிட்டாள். நானும் திருத்தவில்லை. அவளுக்கு வாய் பேசாது, கை பேசும். எனக்கு இரண்டும் பேசும், வாய் கொஞ்சம் அதிகம்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் மூன்று பொம்மைகள், நடுவில் ஒரு திரை, திரைக்கு அந்தப்புறம் அவளுடைய தையல் மிஷினும் என்னுடைய மேஜையும். மூலையில் உடை போட்டுப் பார்க்க ஒரு தடுப்பு, அதற்குள் ஆளுயரக் கண்ணாடி. பொம்மைகளில் நடுவில் நிற்பவளுக்குத் தலை கிடையாது. மகாராணி என்று பெயர் வைத்திருக்கிறோம். தலைக்கனம் இல்லாத ஒரே மகாராணி அவள்தான்.

என் வீட்டுக்காரர் இறந்த கோடையில் நான் மணியைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன். ஒருநாள் தம்பி மனைவி மணித் தட்டைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். எல்லாம் கலந்து போய்விட்டது, பிரித்துக் கொடுங்கள் என்றாள். அவளேதான் கலந்திருக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. தெரிந்தும் பிரிக்க உட்கார்ந்தேன். பிரித்தது கோர்ப்பதில் போய் முடிந்தது. அந்த மணிகள் இல்லாவிட்டால் நான் இன்னும் அந்தச் சுவர் எதிரிலேயே இருந்திருப்பேன்.

ஆனால் ஊருக்கெல்லாம் கலர் கலராகக் கோர்த்தேனே தவிர, எனக்கென்று வந்தபோது கலர் பிடிக்காமல் போயிற்று. போடாதே என்று யாரும் சொல்லவில்லை. மனது வரவில்லை, அவ்வளவுதான். சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று சட்டை தைத்துக் கொடு, கழுத்துக்கு எதுவும் வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சாம்பல்தான் எனக்கு. கிழிந்தால் அதே நிறத்தில் இன்னொன்று தைத்துக் கொடுப்பாள்.

இந்த வருஷம் வெயில் தொடங்கும் முன்பே ஒரு சண்டை வந்தது. வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி, நீலப்பூ போட்ட உடைக்கு வெள்ளை மாலை கேட்டு வாங்கிப் போனவள், திரும்பி வந்து மாலையை மேஜையில் வைத்தாள். வெள்ளைக்கு நடுவில் மஞ்சள் கலந்திருக்கிறதாம். நான் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு மஞ்சளும் தெரியவில்லை. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி, நல்ல கண் டாக்டர் ஒருவருடைய விலாசத்தையும் கொடுத்து அனுப்பினேன்.

அவள் போன பிறகு தம்பி மனைவி அந்த மாலையை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். திரும்பி வந்து, அக்கா, இதில் வந்து, என்று இழுத்தாள். நீயும் ஆரம்பிக்காதே என்று வெட்டிவிட்டேன். பிறகு ஒருநாள் கறுப்பு மாலையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். அதற்கும் குதித்தேன். மணி கோர்க்கத் தெரியாதவள் எனக்கு நிறம் சொல்லிக் கொடுக்கிறாளா என்று கேட்டேன். அவள் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் அவளே வந்து ஒரு யோசனை சொன்னாள். "இந்தக் கோடைக்கு மாத்திச் செய்வோமாக்கா? நீங்க முதல்ல கோத்துடுங்க. நான் அதப் பாத்துத் துணி எடுத்துத் தைக்கறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்தாவது கடையில் யார் பெரியவள் என்று அவளுக்கு விளங்கிவிட்டதே. பெரிய மனது பண்ணிச் சரி என்றேன்.

மாலையைக் கோர்த்து முடித்துக் கொடுத்தால் அவள் அதை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாள். அப்புறம் அதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு துணிக்கடைக்குப் போவாள். ஒரு மாலைக்கு நாலு கடை ஏறி இறங்குவாள். மாலையைப் பார்க்கிறாயா, பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே போவாள்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. தெருவில் போகிற பெண்கள் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். மகாராணி போட்டிருந்த மாலையைத் தொட்டு, இந்த வெள்ளை மட்டும் எப்படி வெயில் பட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பாராட்டை எதற்கு விட வேண்டும்? அதெல்லாம் கைப்பக்குவம் என்று தலையை ஆட்டி வைத்தேன். தபால்காரர் ஒருநாள், "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கும்மா" என்றார். மனிதர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாம்பலில் என்ன எடுப்பு வேண்டிக்கிடக்கிறது? அடுத்த வாரம் எதிர்க்கடை காய்கறிக்காரம்மாவும் அதையே சொன்னபோது, சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு பரிதாபப்படுகிறார்களோ என்று எரிச்சலாகக்கூட வந்தது.

ஊசிக்காதைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று ஊசி செய்கிறவர்களைத் திட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்று விளக்கை மாற்றச் சொன்னேன். ஒரு சாயங்காலம் கடைப் படி தெரியாமல் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது, தம்பி அதற்கு மேல் என் பேச்சைக் கேட்கவில்லை. இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனான். வங்கி அம்மாவுக்கு நான் சிபாரிசு செய்த அதே டாக்டர்.

இரண்டு கண்ணிலும் புரை, மெதுவாக முற்றியிருக்கிறது என்றார் அவர். பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான், கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் பழகிவிடும், நமக்கே தெரியாது என்று விளக்கினார். முதலில் வலது கண்ணில் ஆபரேஷன், அது ஆறிய பிறகு இடது கண் என்று முடிவாயிற்று.

வலது கண் முடிந்து, திரை போட்ட அறையில், பழைய நைட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கிடந்தேன். கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, தம்பி மனைவி இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை அந்த அரையிருட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் பொத்தான் வாங்கப் போயிருந்தாள். கடையில் நான் மட்டும்தான். உள்ளே போய்க் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

மகாராணியின் கழுத்தில் நான் கோர்த்த வெள்ளை மாலை. அது வெள்ளை இல்லை. வெள்ளை, அதை ஒட்டி ஒரு சந்தனம், அதற்குப் பக்கத்தில் இளமஞ்சள், மறுபடி வெள்ளை என்று மனம்போனபடி கலந்து கிடந்தது. இடப்பக்கப் பொம்மையின் கறுப்பு மாலையில் அங்கங்கே கருநீலம். வலப்பக்கத்தில் நான் சாம்பல் என்று கோர்த்ததில் பாதி லாவண்டர், வெளிறிய ஊதா. புதுக் கண்ணை மூடிப் பழைய கண்ணால் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பழையதை மூடிப் புதியதைத் திறந்தேன். எல்லாம் தப்பு.

பிறகுதான் உடைகளைப் பார்த்தேன். மகாராணியின் வெள்ளை உடையில் பொடிப்பொடியாக எலுமிச்சை மஞ்சளில் பூக்கள். கறுப்பு மாலைக்குக் கீழே இருந்த உடைக்குக் கருநீலப் பொத்தான்கள். சாம்பலுக்குக் கீழே கழுத்தைச் சுற்றி ஓரம் கட்டின லாவண்டர் பைப்பிங். நான் எங்கெல்லாம் தவறியிருந்தேனோ, அந்த நிறத்தை அவள் துணியில் ஓரிடத்தில் வைத்துத் தைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது தவறாகத் தெரியாது. வேண்டுமென்றே செய்த அழகாகத்தான் தெரியும். மணி முதலில், துணி பிறகு என்று அவள் ஏன் சட்டத்தை மாற்றினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொத்தான் பொட்டலத்தோடு அவள் உள்ளே வந்தபோது நான் மேஜை மேல் எல்லா மணிப் பெட்டியையும் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். வங்கி அம்மா வந்த நாளிலிருந்து என்றாள். அன்றிலிருந்தே, என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லித் தம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாளாம். இந்த ஊரே புகழ்ந்ததற்கெல்லாம் நான் வெட்கமில்லாமல் தலையாட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன்.

"ரெண்டு தடவ சொல்ல வந்தேன். நீங்க விடல" என்றாள். பிறகு பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "அடிச்சுப் பேசியிருந்தா நம்பியிருப்பீங்க. நம்பினா தட்ட மூடி வச்சிருப்பீங்க. நீங்க அந்தச் சுவத்தப் பாத்து உக்காந்திருந்ததை ஒரு தடவ பாத்தாச்சுக்கா. இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

ஆனாலும் என் கோபம் போகவில்லை. அவளோ, கோர்ப்பு என்னுடையதுதான், பெரிய மணி சின்ன மணி அடுக்கினது, இடைவெளி விட்டது எல்லாம் நான்தான், தான் பின்னால் வந்து துணி வைத்தது மட்டுமே என்று சொல்லிப் பார்த்தாள். அது என் காதில் ஏறவில்லை. நிறம் தெரிந்தவள் என்பது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. அதுவும் போயிற்று என்று தோன்றியது. பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினேன். இனிமேல் நான் கோர்க்கப் போவதில்லை, நீயே பார்த்துக்கொள் என்றேன். அவள் எதற்குப் பயந்தாளோ, அதை அவள் கண்ணெதிரிலேயே செய்தேன்.

அழுகை வந்தது. கண்ணைக் கசக்கக் கூடாது, அழக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் முன்னால் நிற்கப் பிடிக்காமல் தடுப்புக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டேன்.

கண்ணாடியில் ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். தலை நான் நினைத்ததைவிட நரைத்திருந்தது. முகத்தில் நான் அதுவரை பார்த்திராத சுருக்கங்கள். அவள் போட்டிருந்த சட்டை சாம்பல் இல்லை. லாவண்டர். மழை நின்ற பிறகு வானத்தில் கொஞ்ச நேரம் இருக்குமே, அந்த நிறம். காலரின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், தம்பி மனைவி பொடிப்பூத் துணியை வைத்துத் தைத்திருந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "இது என்ன கலர்?"

"நீங்க சாம்பல் கேட்டீங்க."

"என்ன கலர்னு கேட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சாம்பல் பெட்டில நீங்க லாவண்டர் மணியப் போட்டுக்கிட்டே இருந்தீங்க. உங்க கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு புரிஞ்சுது. அப்புறம் எதுக்குக்கா சாம்பல்?"

"கோடை முழுக்க இதையா போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்? தெருவே பாத்திருக்குமே."

"பாத்துச்சு. நல்லா இருக்குன்னு உங்ககிட்டயே சொல்லிச்சு. நீங்க மட்டுந்தான் பாக்கல."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அவர் போன பிறகு கலரே வேண்டாம் என்றிருந்தவள், கலரைப் போட்டுக்கொண்டு ஒரு கோடை முழுக்கத் தெருவில் நடந்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். வானம் இடிந்து விழவில்லை. அவரை மறந்துபோகவும் இல்லை. தினம் சாயங்காலம் கடையைச் சாத்தும்போது அவர் நினைவு வந்துகொண்டுதான் இருந்தது. இதெல்லாம் தெரிந்திருந்தால் நான் நிச்சயம் கழற்றி எறிந்திருப்பேன். அவளுக்கு அது தெரியும். எனக்கு அவள் மேல் கோபம் இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது. அதை அவளிடம் சொல்ல வார்த்தை வரவில்லை, இத்தனை பேசுகிற வாய்க்கு.

அவள் மிஷின் பக்கம் போகாமல், மூடிக் கிடந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளைப் பெட்டியைத் திறந்தேன். சந்தனத்தை ஒரு பக்கம் தள்ளினேன், இளமஞ்சளை ஒரு பக்கம். நல்ல வெள்ளை தனியாக வந்தது. சாம்பல் பெட்டியிலிருந்து லாவண்டரைப் பொறுக்கினேன். கை முதலில் தடுமாறியது, பிறகு பழகிக்கொண்டது. மெல்ல அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கி வைத்த வெள்ளையை என் சட்டைக் கை ஓரத்தில் ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தேன். துணி அமைதியாக இருந்தது. கழுத்து கொஞ்சம் பாடலாம். மூன்று வெள்ளைக்கு ஒரு இளமஞ்சள் வைத்தேன், இந்தத் தடவை தெரிந்தே.

"இனிமே பழைய சட்டம்தான்" என்றேன். "துணி முதல்ல."

அவள் நிமிர்ந்து, தைத்து முடித்த உடை ஏதாவது மேஜையில் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. "எந்தத் துணிக்கா? யாருக்கு இது?"

நான் காலரைத் தளர்த்தி, கழுத்தை அவள் பக்கம் நீட்டினேன்.

"நூலை வச்சு அளவு பாரு" என்றேன்.