எங்கள் டீச்சரின் பயன்கள்

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு கணினியில் ஒரு பொதுக் கோப்பில் கட்டுரை எழுதத் தொடங்கியதிலிருந்து செண்பகவடிவு டீச்சருக்கு உயரம் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒருநாள் யாரோ 'உயரமானவர்' என்று சேர்த்தார்கள். டீச்சர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். மறுநாள் யாரோ அதை அழித்தார்கள். சேலையை இடுப்பில் கூடுதலாகச் செருக வேண்டிவந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு சாருக்குப் போன மாதம் இப்படித்தான் ஒரு வால் வந்து போனது.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே கோப்பில் சேர்ந்து எழுத வேண்டும், அதை அவரவர் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவில் ஏற்ற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தலைப்பு 'எங்கள் டீச்சர்'. வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது கோப்பைப் பூட்டிவிடுவார்கள். அப்போது அதில் என்ன இருக்கிறதோ, அதுதான் டீச்சர்.

டீச்சருக்கு வேறு நினைப்பு. வருஷக்கணக்காகக் கேட்டு, இந்தக் கலந்தாய்வில்தான் சிவகாசிக்கு மாறுதல் கிடைத்திருந்தது. அங்கே கணவர் கோமதிநாயகம் தனியாக இருந்தார். கல்யாணமானதிலிருந்தே தனியாகத்தான் இருந்தார். திங்கள்கிழமை டீச்சர் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை. பாதம் சிமெண்டுத் தரைக்குள் இறங்கியிருந்தது. முழங்கையில் ஒரு கொழுந்து விட்டிருந்தது.

சுவரிலிருந்த பெரிய திரையைப் பார்த்தார்.

'டீச்சர் நமக்கு நிழல் தருகிறார். டீச்சரின் பட்டை மருந்தாகிறது. டீச்சர் மண்ணரிப்பைத் தடுக்கிறார். ஒரு டீச்சரை வெட்டினால் பத்து டீச்சர் நட வேண்டும். டீச்சர் நின்ற இடத்தை விட்டு ஒருபோதும் நகரமாட்டார்.'

வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டார். "ஏ முத்துச்செல்வி, இது என்னட்டி?"

"கட்டுரை டீச்சர்."

"இது மரம் கட்டுரைல்லா?"

"ஆமா டீச்சர். நீங்க பத்துக்கு ஒம்பது போட்டீங்கள்லா, அதான் மரத்தை எடுத்துட்டு டீச்சரைப் போட்டோம். ஒரே அமுக்குதான். எல்லா எடத்துலயும் மாறிட்டு."

"பட்டை நல்லா வந்திருக்கு டீச்சர்" என்றான் கடைசி பெஞ்சு பீர் முகமது. பாராட்டாகத்தான் சொன்னான்.

தலைமையாசிரியர் அருளப்பன் சார் வந்தார். டீச்சரின் நிழலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், நகரமாட்டார்ங்கிற அந்த ஒரு வரிய எடுத்துருங்க. நான் சிவகாசி போகணும்."

"நீங்களே எடுக்கலாமே டீச்சர்."

"எனக்குத் தெறக்க மாட்டேங்கு சார்."

அவர் கணினியில் குனிந்து பார்த்தார். "அதான பாத்தேன். உங்கள ஆசிரியர்னு சேக்கல. தலைப்புன்னு சேத்துருக்கு. தலைப்புக்குப் பாக்க மட்டும்தான் அனுமதி."

"அப்ப நீங்க எடுங்க."

"நான் முன்னுரை. அதுக்குக் கீழ எறங்க முடியாது."

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். இடுப்புக்கு மேலேதான் திரும்ப முடிந்தது.

"எடுத்தா வரி கொறையும் டீச்சர்" என்றாள் முத்துச்செல்வி. "வரி கொறஞ்சா மார்க்கும் கொறையும். நீங்கதான சொல்லுவீங்க."

"அதுக்குப் பதிலா ஒரு வரி எழுதுங்க."

"சொந்தமாவா?"

முன்வரிசையில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

"சரி சரி, அழாதட்டி. வேற கட்டுரைலேருந்து எடுங்க. நகர்றது எதுவா இருந்தாலும் சரி."

"ரயில் பயணம் இருக்கு டீச்சர்" என்றான் பீர் முகமது. "ஆனா அதுக்கு எட்டுதான் போட்டீங்க."

"போடுல!"

அவன் அந்த வரியை அழித்தான். ஒரு வரிதான் தேவைப்பட்டது. அவசரத்தில் மூன்று வரியை ஒட்டிவிட்டான். மணி அடித்தது. கோப்பு பூட்டிக்கொண்டது.

'டீச்சர் குறித்த நேரத்தில் புறப்படும். டீச்சரில் ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி அனைவரும் பயணம் செய்கின்றனர். டீச்சர் ஒவ்வோர் ஊரிலும் இரண்டு நிமிடம் நின்று செல்லும்.'

தரை பாதத்தை விட்டது. பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். டீச்சர் குறித்த நேரத்தில் புறப்பட்டார்.

சங்கரன்கோவிலில் நின்றார். ராஜபாளையத்தில் நின்றார். அங்கே ஒரு பெரியவர் கஷாயத்துக்குக் கொஞ்சம் பட்டை உரித்துக்கொண்டார். சிவகாசியில் நடைமேடையில் கோமதிநாயகம் காத்திருந்தார்.

"வந்துட்டியா. எறங்கு."

"நான் ஏறவே இல்லயே, எப்படி எறங்க?"

கோமதிநாயகம் யோசித்தார். "அப்ப நான் ஏறட்டா?"

முத்துச்செல்வி தலையை வெளியே நீட்டினாள். "நீங்க எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவா சார்?"

"இல்லம்மா."

"இல்லன்னா ஏற முடியாது சார். கோப்பைப் பூட்டியாச்சு."

அவர் தலையாட்டினார். "தெனமும் வருவல்லா?" என்று டீச்சரிடம் கேட்டார்.

"தெனமும் வருவேன்."

இரண்டு நிமிடம் முடிந்திருந்தது.

மறுநாள் டீச்சர் வந்து நின்றபோது கட்டில், பீரோ, பாத்திரங்கள் எல்லாம் நடைமேடைக்கு வந்திருந்தன. கோமதிநாயகம் சுத்தியலோடு தூணருகில் நின்றார்.

"காலண்டரை இங்க மாட்டட்டா?"

"அங்க வெயில் அடிக்குமே. அந்தப் பக்கம் மாட்டுங்க."

"அந்தப் பக்கம் மாட்டுனா படுத்துக்கிட்டுப் பாக்க முடியாதுல்லா."

"படுத்துக்கிட்டு எதுக்குங்க காலண்டர் பாக்கணும்?"

"பெறகு நின்னுக்கிட்டேவா பாப்பாங்க?"

டீச்சருக்கு நல்ல கோபம் வந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் புறப்பட்டுவிட்டார்.