கொடிக்கயிறு என்று சொன்ன வேலி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பொய். கோபம் மூக்கு வரை ஏறுவதற்குள் வாய் பேசி முடித்துவிடும். பேசியதை அப்புறம் காப்பாற்றியாக வேண்டும், அங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த பத்தாம் நாள் மனைவியோடு பார்க்கப் போயிருந்தேன். போவதற்குத் தூரமில்லை. என் நிலத்துக்கும் அவள் புருஷன் நிலத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஐந்து கம்பி வேலி. இந்தப் பக்கம் என் வெல்டிங் பட்டறை, என் மாடு, அதன் கன்று. அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் முட்டைக்கோஸ். வேலி நான் போட்டது. கன்றுக்குக் காயமாகக் கூடாதென்று முள் இல்லாத வழவழப்பான கம்பியாகத்தான் வாங்கிக் கட்டியிருந்தேன்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து தாய்மாமனை ஒரு பார்வை பார்க்கட்டும் என்று தொட்டிலுக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இமை லேசாக அசைந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். கையில் பாதி கடித்த முட்டைக்கோஸ். பின்னாலேயே நாலைந்து விருந்தாளிகள்.

"மச்சான், உங்க கன்னுக்குட்டி ரெண்டு வரிசையை முடிச்சிடுச்சு. அது என்ன வேலியா, கொடிக்கயிறா? துணி காயப்போடத்தான் லாயக்கு!"

விருந்தாளிகள் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, கேட்டுக்குங்க," என்றேன் எழுந்து நின்று. "என் வேலி பதினஞ்சு நாள் தொடர்ந்து தொய்யாம நிக்கணும். நின்னதுக்கு அப்புறம்தான் இந்த வாசல்ல கால் வைப்பேன். நான் மட்டும் இல்ல, என் வீட்டுல யாரும்."

"சரி மச்சான். பதினாறாம் நாள் நானே வந்து பாக்குறேன்," என்றார் அவர், இன்னும் சிரித்தபடி.

வெளியே வந்ததும் என் மனைவி கேட்டாள்: "உங்க கால் உங்க இஷ்டம். என் காலை எதுக்குப் பந்தயத்துல வெச்சீங்க?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று, இனி வேலியைப் பார்க்க வேண்டியதுதான். குழந்தை கண்ணைத் திறந்தாளா என்பது கூட எனக்குத் தெரியாது.

கம்பி வேலி தொய்வது யார் குற்றமும் இல்லை. வெயிலில் கம்பி நீளும், கன்று கழுத்தைத் தேய்க்கும், தூண் லேசாகச் சாயும். ஒவ்வொரு முறையும் அவிழ்த்து, இழுத்து, திரும்பக் கட்ட ஒரு நாள் ஓடிவிடும். அவிழ்க்காமலேயே இறுக்க வழி வேண்டும். இரண்டு வாரம் பட்டறையில் வேறு வேலை எடுக்காமல் அதைச் செய்தேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. உள்ளங்கை அகலத்தில் லாடம் போல வளைத்த ஒரு பட்டை இரும்பு. அதற்குள் சுழலும் ஓர் உருளை, அதில் ஒரு துளை. கம்பியை நடுவில் வெட்டி, ஒரு முனையைப் பட்டையின் முதுகில் கட்டி, மறு முனையைத் துளைக்குள் விட்டு உருளையைச் சுற்றினால் கம்பி அதில் சுருண்டு இறுகும். உருளையின் ஓரத்தில் பல்சக்கரம். ஒவ்வொரு பல் நகரும்போதும் ஒரு சின்ன இரும்பு நாக்கு 'டக்' என்று விழுந்து, திரும்பிப் போகாமல் பிடித்துக்கொள்ளும். சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி தனியே. வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றிப் பட்டறை ஆணியில் மாட்டிவிடலாம். நாக்கு துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்பு கிரீஸ் தடவினேன், அது பக்கத்துக் கம்பியிலும் கொஞ்சம் வழிந்தது. ஐந்து கம்பிக்கு ஐந்து. பார்த்தவர்கள் அதற்கு 'டக்டக்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு இன்னும் மரியாதையான பெயர் ஒன்று மனதில் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் ஐந்தையும் இறுக்கிவிட்டு நடுக்கம்பியைச் சுண்டினேன். வீணைத் தந்தி கெட்டது போங்கள். பல் எங்கே நிற்கிறது என்று தெரிய ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தேன். அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்று.

இரண்டாம் நாள் மாலை போய்ப் பார்த்தால், கீழிருந்து இரண்டாவது கம்பியும் மூன்றாவது கம்பியும் தொய்ந்து கிடந்தன. புள்ளி சரியாக மூன்று பல் பின்னால் போயிருந்தது. மற்ற மூன்று கம்பியும் அசையவில்லை.

நாக்கு வழுக்குகிறது என்று நினைத்தேன். நாக்கை மாற்றினேன். மறுநாள் மறுபடி மூன்று பல். ஸ்பிரிங் பலவீனம் என்று நினைத்தேன். தடித்த ஸ்பிரிங் போட்டேன். மூன்று பல். கன்றைத் திட்டினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசைபோட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணி, திரும்ப ஒன்று என்று ஆரம்பித்து, இப்படியே இரண்டு மாதம் போயிற்று. நடுவில் ஒரு வாரம் மழை விடாமல் பெய்தது. அந்த வாரம் மட்டும் வேலி ஆறு நாள் அசையாமல் நின்றது.

உடனே என் மூளை வேலை செய்தது. குளிர்ச்சியில் கம்பி சுருங்குகிறது, வெயிலில் நீண்டு பல்லை இழுக்கிறது! அடுத்த வாரம் முழுக்கத் தினமும் காலை பத்து குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கம்பிக்கு ஊற்றினேன். என் மனைவிதான் குடத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். "இன்னும் ரெண்டு குடம் ஊத்துங்க, நல்லா குளிரட்டும்," என்றுகூடச் சொன்னாள். ஒவ்வொரு மாலையும் அதே மூன்று பல்.

இதற்கிடையில் அந்தப் பக்கத்துச் செய்திகள் எப்படியோ என் காதுக்கு வந்துகொண்டே இருந்தன. குழந்தை சிரிக்கிறாளாம். குரல் கேட்டால் திரும்புகிறாளாம். நேற்றுக் குப்புற விழுந்தாளாம். சாப்பிடும்போது மனைவி சொல்லுவாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றால், "காத்துல வருது," என்பாள். நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன். இராத்திரி படுத்தால், மூடிய அந்த இரண்டு கண்தான் நினைவுக்கு வரும். எனக்கென்று அந்தக் குழந்தையிடம் இருந்தது அந்தத் தூக்கம் மட்டும்தான். போய் நின்றால் யாரும் துரத்தப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் போனால் கொடிக்கயிறு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

ஒரு நாள் பட்டறையில் ஆணியைப் பார்த்தேன். கைப்பிடியின் வளைவு வலப்பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு இடக்கைப் பழக்கம், எப்போதும் வளைவை இடப்பக்கமாகத்தான் மாட்டுவேன். வயசாகிறது போல என்று என்னையே திட்டிக்கொண்டு திருப்பி மாட்டினேன். முப்பத்தெட்டு வயதுதான் ஆகிறது.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. பின்கட்டில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. என் பழைய சட்டை ஒன்றும் தொங்கியது. தோட்ட வேலைக்கு மனைவி மேலே போட்டுக்கொள்ளும் சட்டை. அதன் முதுகில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. வயிற்றுப் பக்கம் இன்னொரு கோடு. சோப்புக்குப் போகாத கிரீஸ். கம்பி தடிமனுக்குக் கச்சிதமாக இருந்தது.

நான் கத்தவில்லை. என் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிஷத்தில் மனைவி வந்தாள். ஒரு கையில் கல், ஒரு கையில் என் கைப்பிடி. மூன்றாவது கம்பியின் நாக்கில் கல்லால் ஒரு தட்டு. சர்ரென்று எட்டுப் பல் இறங்கியது. இரண்டாவதிலும் ஒரு தட்டு. அந்தப் பக்கம் மாப்பிள்ளை தயாராக நின்றார். என் தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையுமாக இருக்கும் வீடுகளைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

மனைவி குனிந்து இரண்டு கம்பிக்கு நடுவே பாதி உடம்பை நுழைத்த நேரம் நான் எழுந்தேன்.

"கூட்டுக் களவாணிங்களா!"

மூன்று பேரும் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார்கள். மனைவி கம்பிக்கு நடுவே அப்படியே நின்றாள், தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம்.

"கத்தாதீங்க, பாப்பா பயப்படும்," என்றாள் அங்கிருந்தே.

"வேலியே பயிரை மேய்ஞ்ச கதையா இருக்கே! ரெண்டு மாசமா என் பேச்சை மீறி..."

"எங்க மீறினேன்? வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னீங்க. இன்னி வரைக்கும் வெச்சேனான்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க. இந்த மரத்தடியில உக்காந்து பாப்பாவைக் கொஞ்சிட்டு வந்துடுறேன். உங்க வார்த்தையைக் காப்பாத்தினது நான் ஒருத்திதான்."

"ஆமாண்ணே," என்றாள் தங்கை. "அண்ணி எங்க வீட்டுத் தண்ணிகூட உள்ள வந்து குடிச்சதில்ல."

"தண்ணி! பத்து குடம் தண்ணி! பிடிச்சுக் கொடுத்தியே!"

"உங்க முகத்துல அவ்வளவு நம்பிக்கை தெரிஞ்சுது. எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

"சரி, போறப்ப தளர்த்தின. வந்தப்புறம் திரும்ப இறுக்கித் தொலைச்சா என்ன?"

"இறுக்காம விட்டேனா? தினமும்தான் இறுக்குறேன். அஞ்சு பல்லுக்கு மேல எனக்கு நகரலைங்க. தொங்கிப் பாத்துட்டேன். உங்க கைப்பிடிதான் முழம்கூட இல்லையே."

எட்டில் ஐந்து போனால் மூன்று. நாக்கை மாற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, மழையை ஆராய்ந்து, கன்றைத் திட்டி, கடைசியில் குறை கைப்பிடியில். அதை என் கைக்கு மட்டும் அளவெடுத்துச் செய்திருந்தேன். வேறு யாரும் அதைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் மாப்பிள்ளை, நீங்களாவது மிச்ச மூணு பல்லை இறுக்கியிருக்கலாமே?"

"அடுத்தவங்க வேலியில கை வைக்கலாமா மச்சான்? அதுவும் உங்க வேலியில?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேர் முன்னாடி சொன்னது தப்பு. உங்க டக்டக்கைத் தினமும் பாக்குறேன், நல்ல சாமான். வாங்க மச்சான், பாப்பா முழிச்சுத்தான் இருக்கா."

பதினைந்து நாள் இன்னும் ஆகவில்லை. ஆனால் வாசலும் இங்கே இல்லை. இருந்தது இரண்டு கம்பி, என் மனைவி, அதற்கப்பால் மஞ்சள் துணியில் ஒரு சின்ன முதுகு. மனைவி அந்தப் பக்கம் நழுவி எனக்கு வழிவிட்டாள். நான் குனிந்தேன். தோள் நுழைந்தது. வயிறு நுழையவில்லை.

"இன்னும் தளர்த்தணும்," என்றாள் மனைவி.

நானே கல்லை எடுத்து, நானே பற்றவைத்த நாக்கை, நானே தட்டினேன். இன்னும் நாலு பல். மாப்பிள்ளை கீழ்க்கம்பியைக் காலால் மிதித்து, மேல்கம்பியைத் தூக்கிப் பிடித்தார். இந்த முறை அடுத்தவர் வேலி என்று அவர் பார்க்கவில்லை. சட்டையில் முன்னும் பின்னும் சிவப்புக் கோடு வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தேன்.

தங்கை குழந்தையைத் திருப்பினாள். பெரிய கண். என் அம்மாவின் கண்ணும் இல்லை, மாப்பிள்ளையின் கண்ணும் இல்லை, அவளுடையதே. என்னை நெற்றியிலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் பார்த்தாள். மீசையில் வந்து நின்றாள். கையை நீட்டி அதைப் பிடித்தாள். விடவில்லை. நான் அழுதேன். மீசை வலித்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன், ஒருவரும் நம்பவில்லை.

அன்று மாலையே கைப்பிடியை ஓர் அடி நீட்டினேன். மனைவியைக் கூப்பிட்டு இறுக்கச் சொன்னேன். ஆறு, ஏழு, எட்டு. டக். ஒற்றைக் கையால். "இப்படி முதல்லயே செஞ்சிருக்கலாம்," என்றாள். "முதல்லயே கேட்டிருக்கலாம்," என்றேன். இரண்டும் சரிதான். அடுத்த பதினைந்து நாளும் பதினொரு மணிக்கு இரண்டு பேரும் அந்த வழியாகப் போனோம். திரும்பி வந்ததும் அவள்தான் இறுக்குவாள். வெள்ளைப் புள்ளி இடம் மாறவே இல்லை.

பதினாறாம் நாள் காலையில் மாப்பிள்ளை சொன்னபடி வந்தார். சுண்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். கையில் வாளி இருந்தது. வாளி நிறையப் பிழிந்தும் பிழியாத குழந்தைத் துணிகள். ஒவ்வொன்றாக உதறி என் மேல்கம்பியில் போட்டார். பதினேழு துணி. சொட்டச் சொட்டத் தொங்கின. இரண்டடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு விரல் அளவுகூடக் கம்பி இறங்கவில்லை.

"கொடிக்கயிறேதான் மச்சான்," என்றார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்புதான் வந்தது. மதியம் வரை பட்டறையில் இருந்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தேன். வேலி வழியாகப் போகவில்லை. தெரு வழியாகச் சுற்றி நடந்து, பதினேழு துணியோடு தங்கை வீட்டு வாசலில் கால் வைத்தேன்.