ஆஷ்லோ ஐஸின் நீளம்

ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஏழரைக்கு. கார்னெட் ஆறு மணிக்கே வந்துவிட்டார். காரின் முன்னால் தொங்கிய ஒயரை அரங்கத்துச் சுவரின் பிளக்கில் செருகினார். இந்தக் குளிரில் மின்சாரத்தால் எஞ்சினுக்குச் சூடு போகாவிட்டால் திரும்பி வரும்போது கார் கிளம்பாது. பக்கத்தில் வரிசையாக நின்ற லாரிகளும் அப்படித்தான் சுவரோடு கட்டிப்போட்டதுபோல் நின்றன.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. ஈரத் தோல், வதங்கும் வெங்காயம், ஐஸைத் துடைக்கும் வண்டியின் புகை. வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய் இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்துத் தேறுகிறவர்களைச் சொல்வதுதான் ஸ்கவுட்டான அவர் வேலை. பெரிய கிளப் ஒன்றுக்காக இந்தச் சமவெளி முழுவதையும் அவர் ஒருவரே பார்க்கிறார். வேறு எந்த அரங்கத்திலும் அவர் வாசலில் நின்றதில்லை. இங்கே, சொந்த ஊரான ஆஷ்லோவில், நிற்பார்.

கேன்டீனில் டோரீன் பெரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள்.

"நீ ஆடின காலத்துலயும் சீக்கிரமாத்தான் வருவ, கார்னெட். ஐஸ்ல இறங்கினப்புறந்தான் எல்லா இடத்துக்கும் லேட்டு."

அவர் காபியை வாங்கிக்கொண்டு மேல் வரிசையின் மூலைக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் எதிரே கோல், இடது பக்கம் ஆஷ்லோ பையன்களின் பெஞ்சு. தலைக்கு மேல் சிவப்பாகக் கனலும் சூட்டு விளக்கு. இப்போது ஐஸைச் சுற்றிக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அவர் ஆடியபோது கோழிக்கூண்டுக் கம்பிவலைதான். தகரக் கூரையின் ஓட்டை வழியே பனி விழும். ஆட்டத்துக்கு முன்னால் அவரும் நண்பர் ஓரெஸ்ட்டும் மண்வாரியால் அதை ஓரமாகத் தள்ளுவார்கள். தள்ளி முடித்ததும் ஐஸ் முழுக்க அவர்கள் இருவருக்கு மட்டும். ஊர்க்காரர்கள் வந்து சேரும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் ரப்பர் வட்டை அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

இருவரும் ஜோடித் தடுப்பாட்டக்காரர்கள். கார்னெட் இடது, ஓரெஸ்ட் வலது. கார்னெட் வட்டோடு முன்னால் போகும்போது பின்னாலிருந்து ஓரெஸ்ட்டின் குரல் வரும்: "இருக்கேன்." அவ்வளவுதான். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது ஓரெஸ்ட் எதிர்ப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். கார்னெட் வேலையாக வரும்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆட்டக்காரனின் அப்பா ஸ்கவுட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊர் பேசும். ஓரெஸ்ட் தொப்பியின் நுனியை லேசாகத் தொட்டார். கார்னெட் காபிக் கோப்பையைச் சற்றுத் தூக்கினார்.

ஓரெஸ்ட்டின் மகன் தாராஸுக்குப் பதினெட்டு வயது. ஆஷ்லோ ஜூனியர் அணியில் வலது தடுப்பு.

தடுப்பாட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் வட்டை வெளியே அடித்துவிட்டு அங்கேயே நின்றுகொள்வார்கள். சிலர் வட்டோடு எதிரணி கோலை நோக்கி மேலே போவார்கள், திரும்பி வர மறந்துவிடுவார்கள். போகவும் தெரிந்து, சரியான நேரத்தில் வந்து சேரவும் தெரிந்தவன் அபூர்வம். தாராஸ் போனான். எதிரணி கோலுக்கு முன்னால் ஒரு பாஸ் கொடுத்தான். அது கோலாக முடியவில்லை. வட்டு பறிபோய் எதிராளி இந்தப் பக்கம் பாய்ந்தபோது தாராஸ் அவனுக்கு முன்னால் இருந்தான். பின்னோக்கியே சறுக்கிக்கொண்டு, எதிராளிக்கும் தனக்கும் நடுவில் ஒரு மட்டை நீளத்துக்கு மேல் விடாமல், அவனைச் சுவரோரம் ஒதுக்கி வட்டை எடுத்துக்கொண்டான்.

எடுப்பதற்கு முன் இடது தோளுக்கு மேலாக ஒரு பார்வை. ஓரெஸ்ட்டும் அப்படித்தான் பார்ப்பார். ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் ஜோடிப் பையன் முன்னால் போனபோது தாராஸ் கத்தியது மேலே மூலைவரை கேட்டது.

"இருக்கேன்."

கார்னெட் காபியைக் குடிக்க மறந்துவிட்டார்.

திரும்பும் வழியில் காரிலிருந்தே தலைமை ஸ்கவுட் வான் என்பவனுக்குப் போன் செய்தார். கோடையில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கிளப்பில் ஒரு கூட்டம் நடக்கும். அதில் ஒவ்வொரு வட்டாரத்து ஸ்கவுட்டும் ஒரே ஒரு பையனுக்காக மேசையைத் தட்டலாம். மற்றவர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாம், அவ்வளவே. மேசையைத் தட்டினால் அந்தப் பையனைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அவன் சோடை போனால் தட்டினவரின் பேச்சு அதற்குப் பிறகு எடுபடாது. கார்னெட் கடைசியாகத் தட்டிய இரண்டு பேரும் தேறவில்லை.

இந்த வருஷம் ஆஷ்லோ பையனுக்குத் தட்டுகிறேன் என்றார். உறுதிதானா என்று வான் கேட்டான். உறுதிதான் என்றார் கார்னெட்.

ஓரெஸ்ட்டிடமும் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.  ஓரெஸ்ட், மாடுகளுக்கு வைக்கோல் போடணும் என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் ஆஷ்லோ அணி சாஸ்கட்டூன் நகரத்தில் ஆடியது. புது அரங்கம். நாற்காலிகளுக்கு மெத்தை இருந்தது. எந்த வாசனையும் இல்லை.

முதல் கோல் தாராஸின் பக்கத்தில் விழுந்தது. வட்டோடு மேலே போனான், அழகான பாஸ் கொடுத்தான், திரும்பினான். வந்து சேரவில்லை. எதிராளி அவனைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தான். பஸ் பயணக் களைப்பு என்று கார்னெட் நினைத்துக்கொண்டார். ராத்திரி பனிப்புயல் வேறு.

அடுத்த முறை தாராஸ் மேலே போகவில்லை. சீக்கிரமே பின்வாங்க ஆரம்பித்தான். அவனுக்கும் எதிராளிக்கும் நடுவே ஒரு டிராக்டர் திரும்பும் அளவுக்கு இடம். அந்த இடத்தில் எதிராளி வேகம் எடுத்தான். இரண்டாவது கோல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பிரிட்டா. வேறொரு கிளப்பின் ஸ்கவுட், கார்னெட்டின் மகள் வயது. சூரியகாந்தி விதைகளைக் கடித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தாள்.

"அது ஆஷ்லோ பையன்தானே? அந்தக் கொட்டகையில ஐஸ் நீளம் கம்மி. அங்க நான் என்ன பாத்தாலும் பாதியக் கழிச்சிடுவேன்." இன்னொரு விதையை எடுத்தாள். "உங்க ஊருதான. உங்களுக்குத் தெரியாததா."

கார்னெட் தலையை ஆட்டினார்.

தெரிந்ததுதான். ஆஷ்லோவில் ஐஸ் நீளம் குறைவு என்பது குழந்தைக்கும் தெரியும். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் அவரும் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். இரண்டு கோல்களுக்கும் நடுவிலுள்ள தளம் குட்டையாக இருந்தால் எதிராளிக்கு வேகம் எடுக்க இடமிருக்காது. மேலே போனவன் சுலபமாகத் திரும்பி வந்துவிடுவான். எந்தப் பையனும் நன்றாகத் தெரிவான். இருபது வருஷமாக இந்தக் கணக்கில் அவர் தவறியதில்லை. ஆஷ்லோவில் மட்டும் கழிக்கவில்லை. அவருக்கு ஐஸின் அளவே அதுதான். மற்ற எல்லாமே அதைவிட நீளம், அல்லது குட்டை.

இடைவேளையில் அவர் எழுந்திருக்கவில்லை. துடைக்கும் வண்டி சுற்றிச் சுற்றி வந்தது.

பதினெட்டு வயதில் அவர் முதலில் நகரத்து அணிக்கு ஆட வந்தது ஞாபகம் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். கோச் அனுப்பிவிடத்தான் இருந்தார். இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்குக் கால் உடைந்தது. ஆள் இல்லாததால் வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் பின்னோக்கிச் சறுக்க விட்டார்கள். வசந்தம் வருவதற்குள் கால்களுக்கு நீளம் பிடிபட்டுவிட்டது. எப்போது பிடிபட்டது என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் வேறொரு நகரத்து அணியில் ஓரெஸ்ட்டைக் கூப்பிட்டார்கள். ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அணியில் யாருக்கும் கால் உடையவில்லை.

என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு, அவங்க நல்லா ஆடுறாங்கடா என்றார் ஓரெஸ்ட். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு அப்பாவின் நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார். கார்னெட் மேற்கொண்டு கேட்கவில்லை. ஓரெஸ்ட் அவ்வளவுதான் போல என்று அவரும் நினைத்திருந்தார்.

மூன்றாம் பகுதியை அவர் தாராஸின் கால்களை மட்டுமே பார்த்துக் கழித்தார். கால்கள் நன்றாக இருந்தன. கண்ணும் நன்றாக இருந்தது. தூரம்தான் தெரியவில்லை. தெரிந்துகொள்வானா என்பதை இந்த ஒரு மதியத்தில் யாரும் சொல்ல முடியாது. சிலருக்குப் பிடிபடும். சிலருக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை.

ஆட்டம் முடிந்ததும் படிக்கட்டில் நின்று வானுக்குப் போன் செய்தார். ஆஷ்லோ பையன் இந்த வருஷம் வேண்டாம் என்றார். அப்படியானால் யாருக்குத் தட்டுவாய் என்று வான் கேட்டான். யாருக்கும் இல்லை என்றார். போன வாரம் உறுதி என்றாயே என்று வான் சொன்னான். அதில் கோபமில்லை. 

வெளியே வெயில் இருந்தது. சூடு இல்லாத, கண்ணைக் கூசவைக்கும் வெயில். ஆஷ்லோ பஸ்ஸின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓரெஸ்ட் பையனின் மட்டைகளை அடியறையில் வைத்துவிட்டுக் கையுறையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"சொல்லு. இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற."

"இந்த வருஷம் இல்லடா, ஓரெஸ்ட்."

ஓரெஸ்ட் பஸ்ஸைப் பார்த்தார். "ஒரு ஆட்டத்த வெச்சா?"

"அவன் மேல தப்பில்ல. தப்பு நான் பாத்ததுல. நம்ம கொட்டகையில அவன் கணக்கு சரி. இங்க ஐஸ் நீளம். எப்ப பின்வாங்கணும், மேல போனா எப்ப திரும்பணும், எல்லாமே மாறிடுது. அவன் உடம்புக்கு நம்ம ஐஸ்தான் தெரியும்."

"அத நீ அவன்கிட்ட சொல்வியா, நான் சொல்லணுமா?"

"நான் சொல்றேன். இன்னொண்ணு. இந்த ஊரு கோச்ச எனக்குத் தெரியும். அடுத்த குளிர்காலம் தாராஸ் இங்க ஆடட்டும். எவன் வீட்டுலயாவது தங்கிக்கலாம். அதுக்கப்புறமும் அவன எடுக்கலாம், வயசு இருக்கு. அப்ப வந்து பாக்குறேன்."

"ஒரு குளிர்காலம் ஆடினா சரியாயிடுமா?"

"தெரியாது." கார்னெட் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "எனக்கு சரியாச்சு."

பையன்கள் வெளியே வந்தார்கள். குளித்த தலை ஈரம் அப்படியே வெள்ளையாக உறைந்திருந்தது. எவனோ ஏதோ சொல்ல, தாராஸ் சிரித்தான். தோற்றதை அதற்குள் பாதி மறந்திருந்தான். அப்பாவையும் கார்னெட்டையும் சேர்த்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஓரெஸ்ட் கையைக் காட்ட, அவன் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

 ஓரெஸ்ட் பூட்ஸ் நுனியால் பனிக்கட்டி ஒன்றைத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு பஸ் சக்கரம்வரை போயிற்று.

"என்னையும் ஒரு வாரத்துல திருப்பி அனுப்பிச்சாங்களே," என்றார். "அதுவும் இதுதானாடா?"