இரண்டு அறைக்கும் ஒரே அம்பு

மேசையைத் தூக்கியவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். கணினியின் பின்னாலிருந்து கிளம்பிய கறுப்பு வயர் சுவரில் இருந்த ஓட்டைக்குள் போய், இறுகி, மேசையை அதற்குமேல் நகரவிடவில்லை. முன்னறையில் பெட்டியை வைக்க இடம் வேண்டும். உடலைப் பதப்படுத்தக் கொண்டுபோன வேன் வாசலுக்குத் திரும்பிவிட்டது.

“வெட்டிடலாமா?” என்று ஒருவர் கேட்டார்.

“வெட்டாதீங்க. சோமுவக் கூப்பிடுங்க,” என்றாள் பிரமிளா.

அப்பாவின் உடல் வாசலில் காத்திருக்க, மகள் ஒரு வயருக்காகப் பிடிவாதம் பிடிப்பதைச் சொந்தக்காரர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். அவளுடைய அண்ணன் சேது மட்டும் பார்க்கவில்லை. முந்தின நாள் மாலை ஜொகூரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்தே அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

சோமு அடுத்த தெருக்காரன், கடைகளுக்குக் கேமரா பொருத்துகிறவன். அந்த வயரைப் போட்டவனும் அவன்தான். வந்து, கழற்றி, சுருட்டி, உள்ளறையில் அப்பாவின் கட்டில்மேல் வைத்தான். மேசை நகர்ந்தது. அப்பா இருசப்பன் தம் வீட்டுக்குள் கடைசியாக வந்தார்.

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி, செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போய் ஓய்வு பெற்றவர் அவர். பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது கையையும் எடுத்துக்கொண்டது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்த பிரமிளா, அசாம் ஜாவா ஊரிலிருந்த வீட்டின் முன்னறையிலேயே கணினியை வைத்து அங்கிருந்தபடி வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். அப்பா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்போதுதான் சோமு, இன்னொரு கணினி எதற்கு, இருப்பதையே உள்ளேயும் இழுத்துவிடலாம் என்றான். கட்டிலுக்கு எதிரே ஒரு திரை. இடது கைக்கு ஒரு மௌஸ்.

ஆனால் ஒன்றைப் பிரிக்க அவனுக்குத் தெரியவில்லை. முன்னறையில் தெரிவதுதான் உள்ளறையிலும் தெரிந்தது. கை இரண்டு, திரையில் ஓடும் அம்பு ஒன்று. அவள் இழுக்க அவர் இழுக்க, அது நடுவில் கிடந்து துடித்தது. ஒருவர் கையெடுத்த பிறகுதான் மற்றவர் தொடலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். வேலை நேரத்தில் அவருடைய திரையை அணைத்துவைப்பாள். அப்போதும் மௌஸ் மட்டும் வேலை செய்யும். தண்ணீர் வேண்டுமென்றால் அவர் அதைச் சுழற்றுவார். அவள் திரையில் அம்பு வட்டமடிக்கும். ஒருமுறை இணையச் சந்திப்பில் மேலதிகாரி அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்பு சுற்றியது. வைரஸா என்று அவர் கேட்டார். வைரஸ்தான், எழுபத்தெட்டு வயது என்றாள்.

வேலை முடிந்தால் கணினி அவருடையது. பழைய படம் பார்ப்பார். குடும்பத்தார் பேசிக்கொள்ளும் வாட்ஸாப்பைத் திறந்து பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேடிப்பிடித்து ஒரு கட்டைவிரல் போடுவார்; அது பிரமிளாவின் பேரில் போகும். ஆறாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஆங்கில எழுத்து தெரியாது. அவர் படிக்க வேண்டும் என்பதற்காகவே பிரமிளா கணினியில் தமிழில் எழுதப் பழகினாள். அந்தப் பழக்கம்தான் முந்தாநாள் அவளைக் காட்டிக்கொடுத்தது.

கொஞ்ச நாளாக அவரால் எதுவும் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்குவழியாகக் குழாய் விட்டார்கள். பிடுங்கினார். மறுபடியும் விட்டு, இடது கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்த அன்றே மறுபடியும் பிடுங்கினார். முந்தாநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, குழாய் விடத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். சேதுவும் அதைத்தான் சொல்லியிருந்தான். போனை வைத்துவிட்டு அவள் கணினியில் அவனுக்கு எழுதினாள்.

‘அண்ணே, இனிமே ஆஸ்பத்திரி வேணாம். மறுபடியும் கையக் கட்டுவாங்க. அவரு வீட்டுலயே போயிட்டா நல்லது. என்னாலயும் முடியல.’

அனுப்ப விரல் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கும் வாசம் வரவே எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது திரையில் சேதுவின் பிள்ளைகளுடைய படம் நின்றிருந்தது. அப்போதுதான், பாதி மூடிய உள்ளறைக் கதவுக்குக் கீழே நீல வெளிச்சத்தைப் பார்த்தாள். போன் வந்த பதற்றத்தில் அவருடைய திரையை அணைக்க மறந்திருந்தாள்.

உள்ளே போனாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். இடது கை மௌஸ்மேல் இருந்தது.

படித்துவிட்டார். படித்துவிட்டு, பொறுக்காமல் பேரப்பிள்ளைகளிடம் போய்விட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. எழுதியது என்ன ஆயிற்று என்று தேடிப்பார்க்கும் துணிவு வரவில்லை. கணினியை அணைத்தாள். மாலையில் அவருடைய மூச்சு மாறியது. விடியும்போது நின்றது. நின்றது தெரிந்ததும் அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. தோள்கள்தான் தாமாக இறங்கின. உடனே அதற்காகவும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

வாய்க்கரிசி போடும்போது சேது தேம்பினான். எத்தனையோ நாளாக ஒன்றும் இறங்காத வாயில் அரிசி விழுவதைப் பார்த்துக்கொண்டு பிரமிளா கால்மாட்டில் நின்றாள். பெட்டியை மூடினார்கள். ஆண்கள் கிள்ளான் மின்சுடலைக்குப் போன பிறகு பெண்களோடு சேர்ந்து வீட்டைக் கழுவினாள்.

திரும்பி வந்து குளித்த சேது, பின்கட்டில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். அவள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். போகப் போனவளை அவன் குரல் நிறுத்தியது.

“ஒண்ணு கேக்கணும் பிரமி.”

“கேளுண்ணே.”

“ஆஸ்பத்திரி வேணாம்னியே, அதுகூடப் பரவால்ல. நீதான் பாத்துக்கிட்ட. நான் தூரத்துல உக்காந்து நியாயம் பேசக்கூடாது. ஆனா எழுதினதுக்கு நீயே கட்டைவிரல் வேற போட்டியே, அது என்னாத்துக்கு? அப்பா சாவுறதுக்கு யாராச்சும் லைக் போடுவாங்களா லா?”

பிரமிளாவுக்குப் புரியவில்லை. அது உனக்கு வந்ததா என்று கேட்டாள். சேது எரிச்சலோடு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். பதில் போட மனசே வரவில்லை என்றான்.

அவள் எழுதியது ஒரு எழுத்து குறையாமல் இருந்தது. அதன் அடியில் மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு கட்டைவிரல்.

அவள் அதையே பார்த்தாள்.

“நான் அனுப்பலண்ணே.”

“உன் பேருலதான வந்திருக்கு?”

“எழுதினேன். அனுப்பல. பால் பொங்குச்சுன்னு எழுந்து போனேன்.” அவள் உள்ளறைப் பக்கம் திரும்பினாள். “அவரு ரூம்பு ஸ்கிரீன அணைக்காம விட்டுட்டேன்.”

சேது போனை வாங்கி மறுபடியும் பார்த்தான். திறந்திருந்த கதவுவழியே முன்னறைச் சுவரும் அதிலிருந்த ஓட்டையும் தெரிந்தன. தன் பிள்ளைகளின் படங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனான். பிறந்தநாள், பள்ளிச் சீருடை, விழுந்த பல். எல்லாவற்றுக்கும் கீழே அதே விரல்.

“பெருசு,” என்றான். தேநீரைக் குடித்தான். குடித்து முடித்ததும் கேட்டான்: “நீ சாப்பிட்டியா?”

“இல்ல.”

“போய்ச் சாப்பிடு போ.”

முன்னறையில் சோமு மேசையை இருந்த இடத்துக்கே நகர்த்தி, வயர்களை மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளறை வயரைக் கையில் பிடித்தபடி, “இத விட்டுடவாக்கா?” என்றான். இன்றைக்கு மாட்டு என்றாள். அவன் மாட்டிவிட்டுப் போனான்.

எதிர்வீட்டு டொரீன் கொண்டுவந்திருந்த சோற்றையும் பருப்பையும் தட்டில் போட்டுக்கொண்டு வந்து மேசைமுன் உட்கார்ந்தாள். கணினியைப் போட்டாள். திரை விழித்தது. நடுவில் அம்பு நின்றது.

பழக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் காத்திருந்தாள். அது நகரவில்லை.

தட்டை அருகில் இழுத்து, சோற்றைப் பிசைந்தாள்.